கொழுந்தனார் நீட்டும் பத்திரம்

கேள்வி: அம்மா, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே என் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். சம்பாதித்த காசில் அவர் பெயரிலேயே ஊரில் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருந்தார். உயில் எதுவும் இல்லை. "பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன், எழுதிக் கொடுத்துடு" என்று கொழுந்தனார், எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. மாமியார் இருக்கிறார். வருஷம் திரும்பும்வரை நான் வாசல் தாண்டக் கூடாதாம். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், தாயி.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த நிலம் உங்களுக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும், மாமியாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கொழுந்தனாருக்கு எதுவும் இல்லை. பிள்ளைகளின் பங்கை, அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை, நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்களேகூட எழுதிக் கொடுக்க முடியாது.

நான் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கணவனை இழந்த பெண் வாசலோரம் நிற்பாள். கூட வந்த ஆண்தான் பேசுவார். அவளை வீட்டுக்குள் உட்கார வைக்கும் வழக்கத்தால் யாருக்கு லாபம் என்று அங்கேதான் புரிந்துகொண்டேன். வருஷம் திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறப்புச் சான்றிதழோடு இ-சேவை மையத்துக்குப் போய் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மாமியார் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், விட்டால் சிக்கல். விசாரணை முடிந்து தாசில்தார் சான்றிதழ் தந்ததும் பட்டாவை எல்லா வாரிசுகள் பெயருக்கும் மாற்றக் கேளுங்கள். மூலப் பத்திரம் கொழுந்தனாரிடம் இருந்தால் பயம் வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும்.

அப்புறம், கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்களா? பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிடித்திருந்தால் 1995 ஓய்வூதியத் திட்டத்தில் உங்களுக்கும், 25 வயதுவரை பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பணம் உண்டு. நீங்கள் மறுமணம் செய்தால் உங்கள் ஓய்வூதியம் நின்றுவிடும். நிலத்தில் உள்ள பங்கு போகாது. 'மறுதாலி ஏறினால் சொத்து போச்சு' என்று ஊரில் மிரட்டுவார்கள். 1856-இல் மறுமணத்தை அனுமதித்த சட்டம் கணவர் சொத்தைப் பறித்தது உண்மைதான். இன்றைய சட்டத்தில் அது இல்லை.

வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மாமியாரிடம் தனியாகப் பேசினீர்களா? அவருடைய கால் பங்கையும் கொழுந்தனார் கேட்டிருக்கலாம். முடிந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.