ஆட்டுக் கயிறும் வார்சோ வட்டமும்

வணக்கம் சேர்,

'ஓர் உருவத்தில் ஓட்டை இருந்தால், அதில் சுற்றித் திரும்பும் கயிறுகளின் கணக்கான அடிப்படைக் குலம் காட்டிக்கொடுத்துவிடும்' என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஒரு முனை முடிவில்லாமல் நெளியும் வளையமான வார்சோ வட்டத்தைக் கீறிப் பார்த்தேன். நடுவில் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. குலத்திலோ ஒரே ஒரு உறுப்புத்தான், அதாவது எந்தக் கயிறும் கழன்றுவிடும். உருவத்தைத் தடித்த கோட்டால் கீறிப் பார்க்கும் ஷேப் தியரி வந்த பிறகு இந்தக் குலம் எதற்கு?
– ஒரு மாணவர், கோண்டாவில்

தம்பிக்கு,

பிழை என்னுடையது. அந்த வசனத்தை அப்படி மொட்டையாக எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் வளவில் ஆட்டை நீளக் கயிற்றில் கட்டிவிட்டால், பின்னேரம் பூவரசை மூன்று தரம் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆட்டைத் திரும்பவும் கட்டையடிக்கே கொண்டுவந்தாலும் அந்த மூன்று சுற்றுப் போகாது. 1895இல் பிரெஞ்சுக் கணிதர் பொன்காரே அடிப்படைக் குலம் என்று கணக்கில் எடுத்தது இதைத்தான். பக்கத்தில் முருங்கையும் நின்றால் வேடிக்கை கூடும்: பூவரசை ஒரு சுற்று, முருங்கையை ஒரு சுற்று, பிறகு பூவரசை எதிர்ப்பக்கம், முருங்கையை எதிர்ப்பக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் கூட்டிக் கழித்தால் பூச்சியம். கயிறு மட்டும் கழராது. குனிந்து அவிழ்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

ஆனால் இதற்கு ஆடு சுற்றித் திரும்ப வேண்டும். வார்சோ வட்டத்தில், மதிலடியில் தொடங்கும் ஒழுங்கை வளைந்து வந்து, அதே மதிலை மற்றப் பக்கத்தால் நெருங்க நெருங்க மேலும் கீழுமாக முடிவில்லாமல் நெளிகிறது. நெளிவின் உயரம் குறைவதேயில்லை. அந்தப் பக்கத்தால் எந்த ஆடும் மதிலைப் போய்ச் சேராது. பிறகு எந்தச் சுற்றை எண்ணுவது?

போலந்துக் கணிதர் கரோல் போர்சுக் 1968இல் நடப்பதை விட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னார். அதே படத்தை வெண்கட்டியால் கீறிப் பாரும். மதிலோரத்து நெளிவுகள் ஒன்றோடொன்று அப்பி ஒரு வளையம் வரும். வெண்கட்டியை எவ்வளவு கூராக்கினாலும் வளையந்தான். மெலிந்துகொண்டே போகும் இந்தக் கோடுகள் எல்லாவற்றையும் சேர்த்து விசாரிப்பது ஷேப் தியரி. அதற்கு வார்சோ வட்டமும் சாதாரண வட்டமும் ஒன்று. (ஜெர்மானியர் பிடித்திருந்த வார்சோவில் பல்கலைக்கழகம் மூடிக் கிடக்க, இதே போர்சுக் 1943இல் ஒரு பண்ணை விளையாட்டைச் செய்து விற்றுச் சீவித்தார். அதிலும் செம்மறி உண்டு.)

அதற்காகக் குலத்தைத் தூக்கிப் போடாதீர். ஒரே புள்ளியில் தொட்டபடி சிறுத்துக்கொண்டே போகும் எண்ணற்ற வளையங்கள், அவற்றின் மேல் ஒரு கூம்பு. அப்படி இரண்டு கூம்புகளை அந்தத் தொடுபுள்ளியில் ஒட்டினார் கிரிஃபித்ஸ் என்ற கணிதர். ஒரு கூம்புக்குள் மட்டும் ஓடும் கயிற்றை உச்சிவரை ஏற்றிக் கழற்றிவிடலாம். இடப்பக்கம் முதல் வளையம், வலப்பக்கம் முதல் வளையம், இடப்பக்கம் இரண்டாவது, வலப்பக்கம் இரண்டாவது என்று முடிவில்லாமல் மாறிமாறி ஓடிய கயிறு கழராது. குலத்துக்கு அது தெரியும். வெண்கட்டித் தடிப்பிலோ சின்ன வளையங்கள் எல்லாம் அடைபட்டுப் போகும். மிஞ்சும் சிலதைக் கூம்பு கழற்றிவிடும். கயிறு சிக்கவேயில்லை என்று ஷேப் தியரி சொல்லிவிடும்.