கட்டை பலகையாவது எப்படி? வாள்காரரிடம் கேளுங்கள்

புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மரம் அறுக்கும் ஆலையில் தலைவாளில், அதாவது முழுக் கட்டையை முதலில் அறுக்கும் பெரிய வாளில், வேலை செய்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

அண்ணே, முழுக் கட்டையை முதலில் எப்படி அறுப்பீர்கள்? (செபராங் ஜெயா)

பட்டையை உரித்து, கட்டையை வண்டியில் ஏற்றிக் கொக்கியால் இறுக்குவோம். வண்டி தண்டவாளத்தில் ஓடும், நாடாவாள், அதாவது நாடாபோல வளையமாக ஓடும் பல் வைத்த வாள், நின்ற இடத்திலேயே சுற்றும். முதல் வெட்டில் உருண்ட பக்கம் போய் உள்முகம் தெரியும். வெடிப்பு, முடிச்சு, பொந்து எங்கே என்று அப்போதுதான் பிடிபடும். அதைப் பார்த்துக் கட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று வாள்காரர் சில நொடியில் முடிவெடுக்கணும். தப்பாகத் திருப்பினால் நல்ல பலகை கழிவாகிவிடும்.

பாதி மரம் தூளாகப் போகுமாமே?

பலகையாகத் தேறுவது ஏறக்குறைய பாதிதான். மீதி தூள், ஓரத்துண்டு. அவற்றை எரித்துத்தான் பல ஆலைகளில் உலர்த்தும் அறைக்கு நீராவி எடுக்கிறார்கள்.

புது மெராந்திக் கதவு வளைந்துவிட்டது. மரம் மட்டமா, ஐயா? (ஜெலுத்தோங்)

மரத்தைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. பலகையின் முனையைப் பாருங்கள். மெராந்தியில் மெல்லிய வெள்ளைப் பிசின் கோடுகள் வில்போலத் தெரியும். வில் அகலவாக்கில் படுத்திருந்தால் அது தட்டையாக அறுத்த பலகை, செங்குத்தாக நின்றால் ஆரவெட்டு. அந்த வில் காட்டும் வளையத்தை ஒட்டிய போக்கில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகும் ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் தட்டைப் பலகை காயும்போது குழிகிறது.

இன்னொன்று ஈரம். ஈரம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை மரம் பெரிதாகச் சுருங்காது, அதற்குக் கீழேதான் ஆட்டம். நம் ஊர்க் காற்றில் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும், நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் இன்னும் இறங்கும். வாங்கும்போது ஈரமானியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம், உங்கள் காசு.

எங்கள் தாத்தா ரப்பர் மரம் சீவியவர். அந்த மரத்தில் மேசை செய்தால் உழைக்குமா? (நிபோங் திபால்)

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. ஒருகாலத்தில் பால் வற்றிய மரத்தை விறகாகத்தான் எரித்தார்கள். நம் பெரியவர்கள் காலமெல்லாம் சீவிய மரம் இன்று நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறுவதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிச் சில நாளிலேயே பூஞ்சை நீலம் பாய்ச்சும், துளைக்கும் வண்டும் வரும். எனவே உடனே அறுத்து, அழுத்தத் தொட்டியில் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்துவார்கள். அந்த மருந்து மழையில் கரைந்துவிடும். வீட்டுக்குள் மட்டும் வையுங்கள்.

அப்போ வெளிக் கேட்டுக்கு?

செங்கால் (chengal) என்ற கடின மரம். விலை கடிக்கும், ஆனால் வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்தில் வெளிறிய பகுதி ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.