மருத்துவ இடத்துக்காக நிலத்தை விற்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு வணக்கம். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்காத மகளை, நிலத்தில் ஒரு பகுதியை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று தாய்மாமன் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் அந்த யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். மகள் கேட்காத படிப்புக்காக, குடும்பத்துக்குச் சோறு போடும் நிலத்தைக் கைவிடக் கூடாது.

வெள்ளத்தில் நம் நெல் அழுகியபோது பக்கத்து வயலின் சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் மட்டும் எப்படிப் பிழைத்தது என்று மகள் ஓயாமல் கேட்டதாக, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். நீரில் மூழ்கிய நெற்பயிருக்குள் எத்திலின் என்ற வாயு ஹார்மோன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிவிட, பயிர் தலை நீட்டும் அவசரத்தில் சேமித்த சர்க்கரையை எல்லாம் செலவழித்து மடிகிறது. பக்கத்து வயலின் ரகத்தைப் போல சப்-1ஏ என்ற மரபணு உள்ள பயிரோ அந்த வளர்ச்சியை அடக்கிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கிறது. வறட்சியிலும் இப்படியொரு ஹார்மோன்தான் வேலை செய்கிறது: அப்சிசிக் அமிலம் பெருகி, இலைத்துளைகளைச் சுற்றியுள்ள காப்பு செல்களில் அதை உணரும் ஏற்பிகள் என்ற புரதங்களில் சேர்ந்து, இலைத்துளைகளை மூடச்செய்து நீரிழப்பைக் குறைக்கிறது. அந்த ஏற்பிகள் தெளிவானதே 2009-இல்தான். கடலோர டெல்டாவுக்கு இதைவிடத் தேவையான அறிவியல் எது?

பயிருக்குள் நடக்கும் இந்த வேலைகளைக் கற்பிக்கும் துறை பயிர் வினையியல். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். அதன்பின் அங்கேயே பயிர் வினையியலில் முதுநிலையும் முனைவர் பட்டமும் படிக்கலாம். முதுநிலைக்குப் பின் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். பாதை நீளமானது, சம்பளம் தாமதமாகத்தான் வரும். அதை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி வேண்டாம் என்று பின்னால் தோன்றினாலும், அதே இளநிலைப் பட்டத்தோடு வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம்.

பொறியியல், துணை மருத்துவப் படிப்புகளைப் பற்றி உறவினர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை. தனியார் வேளாண் கல்லூரிதான் கிடைக்கும் என்றால், ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.