வெயிலில் மயங்கியவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?

அழகரைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பும்போது மாமா வைகைக் கரையில் சுருண்டு விழுந்தார், உடம்பு அனலாய்க் கொதித்தது, பாராசிட்டமால் கொடுத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது, அதனால் பயனும் இல்லை. காய்ச்சலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் தூண்ட, மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸே, உடம்பு இருக்க வேண்டிய வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை குறைப்பது அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான். வெயில் தாக்கத்தில் மூளை வைத்த அந்த அளவு மாறுவதில்லை. சூட்டை வெளியேற்ற முடியாமல் உடம்பு தோற்றுப்போகிறது.

அந்தச் சூட்டில் செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் குலையும் (முட்டை வேகிற மாதிரி, ஆனால் லேசாக). அவற்றைச் சரிசெய்ய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஓடிவரும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அவற்றாலும் சமாளிக்க முடியாது. குடல் சுவர் கசிந்து பாக்டீரியா நச்சு ரத்தத்தில் கலக்கும். அப்புறம் உடம்பு முழுக்க அழற்சிதான். நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.