அப்பா ஏன் தூங்கிக்கொண்டிருந்தார்?

கேள்வி: எங்கள் வீடு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தபின் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாங்கிய வீடு. அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அப்பாவுக்கு 71 வயது, பால் மரம் வெட்டி (ரப்பர் மரம் சீவி) ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நான் மனைவி பிள்ளைகளோடு கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருக்கிறேன். அப்பாவுக்குத் துணையாகவும் வீட்டுக்குக் காவலாகவும் இருக்கட்டும் என்று, தெருநாய்களை மீட்டு வளர்ப்புக்குக் கொடுக்கும் ஒரு குழுவிடம் குட்டி கேட்டேன். நாலு பக்கத்துக்கு விண்ணப்பப் பாரம்! வேலி எவ்வளவு உயரம், முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது, பக்கத்து வீட்டில் யார் என்றெல்லாம் கேள்வி. அப்புறம் வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட், வேலி, பின்கட்டு எல்லாம் காட்டினேன். அப்பாவிடம் பேச வேண்டும் என்றார்கள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து ‘இப்போதைக்குக் கொடுக்க முடியாது’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி. பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ரோட்டில் கிடந்த நாய்க்கு இத்தனை சோதனை நியாயமா?
– பெயர் வேண்டாம், பூச்சோங்

பதில்:

தம்பி, நாய் கேட்டுக் கிடைக்காதவர்கள் எல்லாரும் பாரத்தின் நீளத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். ‘அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை.’

சாயங்காலம் ஐந்து மணிக்கா?

காலமெல்லாம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்த மனிதர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருவார், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு அவர் வாசலில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர். அதுவும் பூச்சோங்கிலிருந்து மகன் வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமை.

ஒன்று, அவர் தூங்கவில்லை. நாய் வரப்போகிற விஷயமே அவருக்குத் தெரியாது, போனை அவர் கையில் கொடுத்தால் ‘என்ன நாய், யாருக்கு நாய்?’ என்று கேட்டுவிடுவார் என்று பயந்து நீங்கள் சமாளித்தீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அப்பாவுக்குத் துணை வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அப்பா சொன்னதாக ஒரு வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா? அல்லது அவர் நிஜமாகவே தூங்கினார். அப்படியென்றால் எனக்குக் கவலை இன்னும் அதிகம். போன வருஷம்தான் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் பொழுது சாயும்வரை படுத்துக்கிடக்கிறார் என்றால் ராத்திரி தூங்குகிறாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா, இனிப்புநீர் (சர்க்கரை) பார்த்து எவ்வளவு நாளாயிற்று, கிளினிக்குக்கு யார் கூட்டிப்போகிறார்கள்? நீங்கள் அவர் படுத்திருந்த அறையைத் தாண்டிப் போய்ப் பின்கட்டு வேலியைப் படம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எது உண்மை என்று எனக்குத் தெரிய வேண்டாம், உங்களுக்குத் தெரியும்.

அந்தக் குழுவை நான் குறை சொல்லமாட்டேன். நாயை மீட்கிறவர்கள் பாரத்தில் முதலில் தேடுவது உங்கள் சம்பளத்தை அல்ல, நாய்க்குத் தினமும் சோறு வைக்கப்போகிற கை யாருடையது என்பதைத்தான். அந்த ஆளோடு பேசாமல் நாயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். பரிசாக வந்த குட்டி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும், செருப்பைக் கடிக்கும், ராத்திரி ஊளையிடும், வீட்டிலிருக்கிற பெரியவருக்குத் தாங்காது, ஒருநாள் யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று கேட்பதும் இதற்காகத்தான். வயதாகிச் செத்தது என்பது ஒரு பதில், ‘ஓடிப்போயிற்று’ என்பது வேறு மாதிரி பதில். அப்புறம் அந்தக் ‘காவலாகவும்’ என்ற உங்கள் வார்த்தை. அதைப் பார்த்ததுமே அவர்களுக்குச் சங்கிலியும் மழையில் நனையும் தகரக் கூண்டும்தான் கண்முன் வந்திருக்கும். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கொடுமை நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை, மூன்று வருஷம்வரை சிறையும் உண்டு. பாரத்தில் உரிமையாளர் என்று உங்கள் பெயர். நாய் இருக்கப்போவதோ பல மாவட்டம் தாண்டி.

இன்னொன்றும் யோசியுங்கள். நாட்டு நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அப்போது எண்பத்தைந்து. நடுவில் அவர் விழுந்தாலோ ஆஸ்பத்திரியில் படுத்தாலோ அந்த நாய் யாரிடம் போகும்? உங்களிடமா? கொண்டோ நிர்வாகம் விடுமா என்று கேட்டீர்களா? பாரத்தில் அந்தக் கேள்வி நிச்சயம் இருந்திருக்கும், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டது உங்களுக்குக் கோபம். தாமானில் ஒரே வேலிதான், அந்தப் பக்கம் ஒரு பாக்சிக் (மலாய் முஸ்லிம் பெரியவர்) குடும்பம் இருந்தால் நாய் அங்கே தாண்டிப் போவதும் வாசலில் எச்சில் வைப்பதும் அவர்களுக்குச் சிரமம். அவர்கள் நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுத்தால் தப்பும் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை உங்கள் அப்பாதான் பேச வேண்டும். பெருநாளுக்கு ரெண்டாங் என்ற இறைச்சிக் கறியும் தீபாவளிக்கு முறுக்கும் வேலிக்கு மேலாகக் கைமாறியவர்கள் அவர்கள், நீங்கள் இல்லை.

என் அபிப்பிராயத்தைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். அம்மா போனபின் அப்பாவுக்குத் துணை என்பது உங்கள் வேலை. நாய் அதில் பங்குக்கு வரலாம், உங்களுக்குப் பதிலாக வரமுடியாது. வேலை, பிள்ளைகளின் பள்ளி, டோல் என்று நீங்கள் அடுக்கப்போகும் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாம் நிஜம்தான், எல்லா வீட்டிலும் நிஜம்தான்.

அதனால் அடுத்த வாரம் ஊருக்குப் போங்கள். நாயைப் பற்றி எடுத்ததும் பேசாதீர்கள், இரண்டு நாள் தங்குங்கள், அவர் எப்போது எழுகிறார், என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் படுக்கிறார் என்று கண்ணால் பாருங்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அப்புறம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விஷயம் முடிந்தது, வற்புறுத்தக்கூடாது. இந்த வயதில் இன்னொரு உயிரைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று சொன்னாலும் அது நியாயமான பேச்சு.

வேண்டும் என்று சொன்னால் குட்டியை மறந்துவிடுங்கள். ஐந்து ஆறு வயது தாண்டிய, கருத்தடை செய்து ஊசி போட்ட, சாதுவான நாயைக் கேளுங்கள். யாரும் சீண்டாமல் பல வருஷம் காப்பகத்தில் கிடக்கிற நாய்கள் அவைதான். உடல் பெரியதாக இருந்தால் கயிற்றை இழுத்துப் பெரியவரைத் தள்ளிவிடும், இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். அப்பாவை நேரில் கூட்டிப்போங்கள், அவர் உட்காரட்டும், எது அவரிடம் வருகிறது என்று பாருங்கள். பாரத்தை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். வீடியோ காலில் அவர் பேசட்டும், நீங்கள் போனைப் பிடித்தால் போதும். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று கேட்டாலும் பல குழுக்கள் சம்மதிக்கும். ஊரிலேயே ஆபத்துக்குக் கூப்பிட ஓர் ஆளின் பெயரைக் கொடுங்கள், அவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். லைசென்ஸ் எடுக்க நகராண்மைக் கழகத்துக்கு நீங்கள் அலையுங்கள், அவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

செலவு உங்களுடையது. தீனி, வருஷா வருஷம் ஊசி, உண்ணி மருந்து. நம் ஊர்க் கொசுவால் நாய்க்கு இதயப்புழு வரும், அதற்கு மாதாமாதம் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும். அந்த மாத்திரையை மொத்தமாக வாங்கி வைக்கவும் வேண்டாம், கூரியரில் அனுப்பவும் வேண்டாம். ஒவ்வொரு மாதமும் நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.