மொட்டைமாடியில் வானாய்வுக்கூடம்: குவிமாடம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் கல்லூரியின் மொட்டைமாடியில் மாணவர்களுக்காக வானாய்வுக்கூடம் அமைக்க நிர்வாகம் இசைந்திருக்கிறது. சுழலும் குவிமாடமும் அதனுள் மோட்டார் பொருத்திய பெரிய தொலைநோக்கி ஒன்றும் வாங்கலாம் என்கிறார்கள். தங்கள் ஆலோசனை என்ன?
– இயற்பியல் பேராசிரியை, திருச்சி

பதில்: குவிமாடத்தை விட்டுவிடுங்கள். கல்லூரிக்குள் வானாய்வுக்கூடம் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் லாஃபோன் பாதிரியார் 1875-ஆம் ஆண்டிலேயே அதை நிறுவிவிட்டார். ஆனால் குவிமாடம், ஓர் ஆய்வாளர் இரவெல்லாம் தனித்திருந்து நோக்குவதற்கு ஏற்றதே தவிர, ஒரு வகுப்பே திரண்டு வரும் மாடிக்கு ஏற்றதன்று. ஒருவர் பார்க்க, மற்றவர்கள் படிக்கட்டில் நின்று கொட்டாவி விடுவார்கள். போதாக்குறைக்கு, பகல் வெயிலில் உள்ளே தேங்கிய சூடான காற்று குவிமாடத்தின் திறப்பு வழியே வெளியேறும்போது, கிரகத்தின் உருவம் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் நாணயத்தைப் போல நெளியும்.

அந்தப் பணத்தில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கிகள் சிலவற்றை வாங்குங்கள். அமெரிக்காவில் ஜான் டாப்சன் என்பவர், வீதியில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டுவதற்காகப் பரவலாக்கிய எளிய மரத்தாங்கி அமைப்பு இது. 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லை 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 120 மடங்கும் பெரிதாக்கும். மோட்டார் இல்லையே என்று வருந்த வேண்டாம்: 120 மடங்கில் சனிக்கோள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும் என்பதால், மாணவர் தம் கையாலேயே குழாயைத் தள்ளித் தள்ளித் தொடர வேண்டியிருக்கும். பூமி சுழல்வதைக் காட்ட வேறு செய்முறை எதற்கு?

மோட்டார் தாங்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி அமைக்க வேண்டும். திருச்சியில் அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே சுமார் 11 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் மரத்துக்கும் புகைமூட்டத்துக்கும் பின்னால். வட நாடுகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட சில தாங்கிகள் அவ்வளவு தாழ்வாகச் சாயவே மாட்டா. படம் எடுக்கும் நோக்கம் இருந்தால் மட்டும் ஒன்று வாங்குங்கள். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கட்டடத் தூணுக்கு நேர்மேலே எழுப்பிய தனிக் கம்பத்தில் பொருத்துங்கள். இல்லையேல் பக்கத்தில் யாராவது நடந்தாலே வியாழன் குதிக்கும். கான்கிரீட் தளம் இருட்டிய பிறகும் வெகுநேரம் வெப்பத்தை உமிழும் என்பதால், மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆறவிட வேண்டும்.

கேள்வி: சென்னையின் விளக்கு வெளிச்சத்தில் மாடியிலிருந்து எதைத்தான் பார்க்க முடியும்?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் 1861-ஆம் ஆண்டு போக்சன் ‘ஏசியா’ என்ற சிறுகோளையே கண்டுபிடித்தார், அந்த இருள் இன்று இல்லை. இருப்பினும் நிலவின் பள்ளங்களையும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும் நகர வெளிச்சம் ஒன்றும் செய்துவிடாது. அன்னம் விண்மீன் கூட்டத்திலுள்ள அல்பிரியோவைப் பாருங்கள்: வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது, பொன்னிறமும் நீலமுமாக இரண்டாகப் பிரியும். மே மாத முன்னிரவில் தெற்கே 30 பாகை உயரத்துக்கு எழும் ஒமேகா சென்டாரி நமக்கு வாய்த்த சலுகை. லண்டனில் அந்த விண்மீன் கொத்து தொடுவானத்துக்கு மேலே வருவதேயில்லை. மங்கலான விண்மீன் மண்டலங்களுக்கு மட்டும், காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் போக வேண்டியதுதான்; டாப்சோனியன் வேனில் ஏறும்.

கேள்வி: பகலில் சூரியனைக் காட்டலாமா?
– பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய வடிகட்டி இருந்தால் மட்டும் காட்டலாம். கண்ணருகு வில்லையில் திருகும் வடிகட்டியை நம்பாதீர்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் பார்வையே போய்விடும். குழாயின் மேலிருக்கும் சிறு தேடுநோக்கியையும் கழற்றி வைத்துவிடுங்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.