எலும்பும் தோலுமான உடம்பில் சுகர், பிபி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் எங்கள் நண்பர்கள் குழு அடுத்த மாதம் ஒரு நாள் முகாம் நடத்தவிருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கி பிபி, சுகர் பார்ப்பதாகத் திட்டம். ஒரு லேப் மூன்று மாத சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை (எச்பிஏ1சி) இலவசமாகச் செய்து தருகிறது. ‘தினமும் 45 நிமிடம் நடங்கள், அரிசியைக் குறையுங்கள், சிறுதானியம் சாப்பிடுங்கள்’ என்று ஒரு துண்டறிக்கையும் தயார். ஆனால் ஒரு சந்தேகம். நாளெல்லாம் மேடேறி இறங்கும், எலும்பும் தோலுமாக இருக்கும் இவர்களுக்கு இந்த வியாதிகள் எப்படி வருகின்றன? முகாமில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கே., கோவை

அன்புள்ள கே.,

துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்திருந்தால் நிறுத்திவிடுங்கள். பகல் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிவிட்டு, விறகுக்கட்டோடு வீடு திரும்பும் பெண்ணிடம் 45 நிமிடம் நடக்கச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த முறை உங்கள் பக்கம் வரமாட்டார்.

சுகரும் பிபியும் தொந்தி போட்டவர்களின் வியாதி என்ற எண்ணம் முதலில் போக வேண்டும். பழங்குடியினர் நலம் பற்றி அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் கொடுத்த அறிக்கையின்படி, இந்தியப் பழங்குடியினரில் வயது வந்த நாலு பேரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது. உழைப்பு மட்டும் இதைத் தடுத்துவிடாது. தாய் வயிற்றிலேயே சத்துக் குறைந்து, எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் குறைவாகவே அமைகின்றன. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களுக்கும் அதே கதி. அப்படி வளர்ந்த உடம்பின் மேல் பிற்பாடு மூன்று வேளை வெள்ளை அரிசி, உப்பு, சர்க்கரை, புகையிலை எல்லாம் வந்து ஏறுகின்றன. ஊட்டக்குறைவை ஒட்டி வரும் நீரிழிவை 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ‘ஐந்தாம் வகை’ என்று தனியாகவே அங்கீகரித்தது. இதில் சிக்கல், இன்சுலின் சுரப்பே குறைவு என்பதுதான். ஏற்கெனவே இளைத்திருப்பவரிடம் ‘எடையைக் குறை’ என்று சொல்வது இங்கே தீங்கு.

சாப்பாடு மாறியது அவர்கள் ஆசைப்பட்டு அல்ல. வயல் இருந்தவரை நண்டு, சிறுமீன், கீரை எல்லாம் வரப்போரத்திலேயே கிடைத்தன. வயல்கள் வாழையும் இஞ்சியுமாக மாறி, பூச்சிமருந்தும் வந்த பிறகு அவை போயின. கிழங்குக்கும் காளானுக்கும் காட்டுக்குள் போவது வரவரக் கஷ்டம். மிஞ்சியது ரேஷன்: மாதம் 20 கிலோ வரை இலவச அரிசி, அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். அரிசி பசியை ஆற்றியது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரிசிக்குத் துணையாக இருந்த நண்டும் கீரையும் போனதுதான் விஷயம். ‘சிறுதானியம் சாப்பிடுங்கள்’ என்று எழுதுவதற்கு முன் அதைக் கடையில் கிலோ என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. உங்கள் ஊர்க் கடையில் அது ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்து, வராவிட்டால் மனு எழுதிக் கொடுப்பது துண்டறிக்கையைவிடப் பிரயோஜனம்.

இனி முகாம். பிபி கருவியோடு வரும் சாதாரண கஃப் (மேல்கையில் சுற்றும் பட்டை), 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. நீங்கள் பார்க்கப்போகும் பல பெண்களின் மேல்கை அதற்கும் கீழே இருக்கும். பெரிய கஃப்பைச் சுற்றினால் தொளதொளவென்று நிற்கும், அளவைச் சில புள்ளிகள் குறைத்துக் காட்டும். 143 இருப்பவர் 138 என்று எழுதப்பட்டு, ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். ஒரு தையல் டேப்பும் இரண்டு சிறிய கஃப்பும் வாங்குங்கள். ஆளின் மேல்கையை நடுவில் அளந்த பிறகே கஃப்பை எடுக்க வேண்டும். மேடேறி வந்தவரை ஐந்து நிமிடமாவது முதுகு சாய்ந்து, கால் தரையில் பட உட்கார வையுங்கள். வெற்றிலையோடு புகையிலை மென்றிருந்தாலோ கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்திருந்தாலோ அரை மணி பொறுக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு கூடிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி போடுங்கள். 140/90ஐத் தொட்டால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் வியாதி என்று சொல்ல வேண்டும்.

அந்த இலவச எச்பிஏ1சியை மட்டும் நம்பி யாருக்கும் சுகர் உண்டு, இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. அந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துவிடும், இந்தப் பரிசோதனை அளக்கும் சர்க்கரை அவற்றில் படிய நேரம் போதாது. அதனால் சுகர் இருந்தும் அளவு குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைவான சோகையில் நேர்மாறாக, இல்லாத சுகர் இருப்பதுபோல் காட்டும். இந்தக் குடியிருப்புகளில் இரண்டும் உண்டு. ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் பல குளுக்கோமீட்டர்களும் கூட்டித்தான் காட்டும். ஆகவே முகாமிலேயே ஹீமோகுளோபின் பாருங்கள், சர்க்கரைக்கு வெறும் வயிற்று ரத்தத்தை நம்புங்கள். மீட்டரில் கூடுதலாக வந்தவர்களுக்கு லேப்பில் சிரை ரத்தம் (ஊசியால் கையிலிருந்து எடுப்பது) எடுத்து உறுதி செய்யுங்கள். இரண்டு தனித்தனி நாளில் 126ஓ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு.

வெறும் வயிறு என்றதும் உங்கள் பத்து மணி அடிபட்டுப் போகிறது. எழுந்தவுடன் இனிப்புச் சாயா குடிப்பவர்கள் இவர்கள். கூலி கையில் வந்த வாரமென்றால் ஞாயிறு பத்து மணிக்குப் பாதிப் பேர் சந்தையில் இருப்பார்கள், உங்களிடம் வருவது கிழவர்களும் குழந்தைகளும்தான். காலை ஆறு மணிக்குக் குடியிருப்பிலேயே உட்காருங்கள். முந்தின நாள் மாலையே ‘நாளைக்குப் பார்த்த பிறகு சாயா’ என்று ஊர்ப்பெண்களில் ஒருவர் சொல்லிவைக்கட்டும்.

கண்டுபிடித்த பிறகு எங்கே அனுப்புவீர்கள்? முகாம்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். முகாமுக்கு முன்பே அந்தப் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, பெயர்களைச் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் குடியிருப்புகளுக்கு ஜூனுக்கு முன்பே இரண்டு மாத மாத்திரை கேளுங்கள். பிபி மாத்திரையைப் பாதியில் விடுவதற்கு நான் கேட்கும் காரணங்கள் இரண்டே. ‘பிபி சரியாகிவிட்டது, எதற்கு?’ என்பது ஒன்று. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையால் கணுக்கால் வீங்கியதைப் பார்த்துப் பயந்தது இன்னொன்று. இரண்டையும் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சுகர் மாத்திரையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தேனெடுக்கப் போனாலோ, வெறும் வயிற்றில் சாராயம் குடித்தாலோ சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். போதை என்று நினைத்து அப்படியே கிடக்கவிட்டு உயிர் போவது உண்டு. எனவே இவர்களுக்கான விதி: சோறு இல்லாவிட்டால் அந்த மாத்திரை இல்லை. இடுப்பு மடியில் ஒரு வெல்லத்துண்டு எப்போதும் இருக்கட்டும். மெட்ஃபார்மின் போடுபவர் வாந்தி பேதியின்போது அதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுகர் இருந்து எடையும் இறங்கிக்கொண்டே போனால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சுகர் காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும்.

சாப்பாட்டில் எதைச் சொல்வது? உப்பைச் சொல்லுங்கள், கணக்கோடு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் என்றால் நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ‘போன பாக்கெட் எப்போது வாங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். 25 நாளில் தீர்ந்திருந்தால் ஆளுக்கு 10 கிராம், கருவாட்டு உப்பு தனி. சோறு வடிக்கும்போது உப்புப் போடாமல் விடலாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் அலசலாம். கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பை வாங்கி விநியோகிக்காதீர்கள், சிறுநீரகம் கெட்டிருப்பவருக்கு அது ஆபத்து. அடுத்தது சாயா. நாளுக்கு ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம், மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரை. நிறுத்தச் சொன்னால் நடக்காது, பசியை அடக்குவதே அதுதான். ஒரு ஸ்பூனாக இறக்கச் சொல்லுங்கள், அந்தக் காசில் முட்டை வாங்கலாம்.

சுகர் உள்ளவர்களின் பாதத்தைக் குனிந்து பாருங்கள். முள், அட்டைக்கடி, அடுப்போரச் சூடு என்று காயத்துக்குக் குறைவில்லை, மரத்துப்போன கால் அதைச் சொல்லாது.

ஒன்று விட்டுப்போனது. கூடலூர் மழையில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறித் தப்புத்தப்பாகக் காட்டும். ஒரு ஸ்ட்ரிப் எடுத்த கையோடு மூடிவிட வேண்டும். காலாவதித் தேதியோடு, டப்பா திறந்த தேதியையும் அதன்மேல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விரலை ஸ்பிரிட்டால் துடைத்தால் காய்ந்த பிறகே குத்துங்கள். தேன், பழம் தொட்ட கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள், இல்லாவிட்டால் தேனின் சர்க்கரையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அன்புடன்